சும்மா கொடுத்த ஐம்பது

பூட்டுக்காரர் தன் ஐம்பத்து நாலு வயது வரைக்கும் அரசாங்கத்தை எந்த விதத்திலும் தொந்தரவு செய்தவர் அல்ல. வரி கட்டுவார், வரிசையில் நிற்பார், கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போடுவார். அப்படிப்பட்டவர் ஒரு மத்தியான வேளையில், யோசிக்காமல் கொள்ளாமல், சட்டைப்பையிலிருந்து ஒரு ஐம்பது நோட்டை எடுத்து நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அவருடைய கடை ஒரு கதவின் அகலம்தான் இருக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். நடுவில் ஒரு அரைக்கும் இயந்திரம், ஒரு முக்காலி, காவல் நிலையத்தார் முத்திரை போட்டுக் கொடுத்த ஒரு பதிவேடு. யார் வந்தார், எந்தக் கதவுக்கு மாற்றுச் சாவி கேட்டார் என்று அதில் எழுதவேண்டும். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறார். ஒரு வரி பொய் கிடையாது.

நர்ஸம்மா அந்த வார்டின் சுகாதார நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். நிலையம் சாயங்காலம் நாலு மணிக்கு மூடிவிடும். கட்டட வேலைக்கும் பட்டறைக்கும் போகிறவர்கள் ஆறு மணிக்குத்தான் திரும்புவார்கள். ஆக, அந்த வார்டில் கை வெட்டுப்பட்டால் மறுநாள் காலை ஒன்பது மணி வரைக்கும் ரத்தம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நிலையத்தைச் சாயங்காலமும் திறக்கச் சொல்லிப் பதினோரு மனு போட்டுப் பார்த்தார் நர்ஸம்மா. பன்னிரண்டாவது மனுவுக்குப் பதிலாக வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு மனு போட்டார்.

கடைக்கு வந்தபோது முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை வெயிலில் நின்றுவிட்டுத்தான் பேசினார்.

"இந்தத் தடவை வார்டுக்கு நான் நிக்கிறேன். ஐம்பது குடுத்தா ரசீது தருவேன். குடுக்கலேன்னாலும் பரவாயில்லை, நான் பாட்டுக்குக் கிளம்பிடுவேன்."

பூட்டுக்காரர் கொடுத்தார். ரசீது எண் இருநூறு.

அந்த இருநூறில்தான் விஷயம் இருந்தது. தூய தேர்தல் நிதிச் சட்டம் என்று ஒன்று வந்து ஒன்பது வருடமாகியிருந்தது. வேட்பாளர்கள் பணக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு பிறகு அவர்களுக்கு உழைப்பதைத் தடுக்க வந்த சட்டம். அதன்படி வேட்பாளர் முதலாளிகளிடம் கை நீட்டக்கூடாது. சாதாரணக் குடிமக்கள் குறைந்தது இருநூறு பேரிடம் தலைக்கு ஐம்பது வாங்கிக் காட்டவேண்டும். காட்டினால் அந்தத் தொகையைப் போல நூறு மடங்கைப் பிரசாரத்துக்காக அரசாங்கமே கொடுக்கும். இதையெல்லாம் சரிபார்க்கத் தூய தேர்தல் நிதி ஆணையம் என்று ஒரு கட்டடமும், அதற்குள் நானூறு பேரும் இருந்தார்கள்.

கொடுக்கிறவரும் ஒரு படிவம் நிரப்பவேண்டும். பணம் வந்த வழி என்ற இடத்தில் பூட்டுக்காரர் 'சட்டைப்பை' என்று எழுதினார். கொடுத்த காரணம் என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன: உறவு, நன்றி, எதிர்பார்ப்பு, அச்சம், பிறர் வற்புறுத்தல். ஏதாவது ஒன்றில் குறி போடச் சொல்லியிருந்தது. நர்ஸம்மா அவருக்கு உறவில்லை. அவர் கையால் ஒரு மாத்திரைகூட வாங்கியதில்லை. ஜெயித்தால் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. பயப்படும்படியான ஆளாகவும் நர்ஸம்மா தெரியவில்லை. ஆகவே ஐந்து கட்டங்களையும் விட்டுவிட்டு ஓரத்தில் தெளிவான கையெழுத்தில் 'சும்மா' என்று எழுதிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது.

போனார். முகப்பில் அவருக்கு முன்னால் சிமெண்ட் முதலாளியின் ஆள் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் ஆயிரம் கோப்புகள், ஒவ்வொன்றும் பச்சை நாடாவால் கட்டி. சிமெண்ட் முதலாளியும் அதே வார்டில் நிற்கிறார். அவர் சட்டத்தை ஊன்றிப் படித்தவர். முதலாளி வேட்பாளருக்குக் கொடுக்கக்கூடாது என்றுதான் இருந்தது. முதலாளி ஏழைக்குக் கொடுக்கக்கூடாது என்று எங்கும் இல்லை, அது தர்மம். எனவே தன் ஆலையில் வேலை பார்க்கும் ஆயிரம் பேருக்குத் தலைக்கு நூறு கொடுத்தார். ஐம்பது அவரிடமே திருப்பிக் கொடுக்க, ஐம்பது கொடுத்த சிரமத்துக்கு. ஆயிரம் பேரும் பணம் வந்த வழிக்கு அத்தாட்சி வைத்திருந்தார்கள். காரணக் கட்டத்தில் அத்தனை பேருக்கும் 'எதிர்பார்ப்பு', தட்டச்சில். பஸ் முதலாளியும் போட்டியிட்டார். அவர் ஆட்களுக்கு எல்லாம் 'அச்சம்'. இரண்டு முதலாளிகளின் கோப்புகளும் அரை மணி நேரத்தில் தேறிவிட்டன.

பூட்டுக்காரர் முறை வந்தது. குமாஸ்தா நல்ல மனிதர். படிவத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏன் ஐயா இப்படி எழுதி வச்சிருக்கீங்க? எதிர்பார்ப்புன்னு ஒரு குறி போட்டுடுங்க. முடிஞ்சுது."

"நான் எதையும் எதிர்பார்க்கலையே, சார்."

"எல்லாரும் எதையாவது எதிர்பார்க்கிறவங்கதானே. ஆஸ்பத்திரி பூட்டெல்லாம் நீங்கதான் ரிப்பேர் பண்ணணும்னு ஒரு ஆசை இருக்கும். உள்ளுக்குள்ள நல்லாத் தேடிப் பாருங்க."

பூட்டுக்காரர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கால் மணி நேரம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. தனக்கு ஒரு பதிவேடு இருப்பதையும், அதில் ஒரு வரி பொய்யாக எழுதினால் மற்ற வரிகளை எவனும் நம்பமாட்டான் என்பதையும் குமாஸ்தாவிடம் எடுத்துச் சொன்னார். குமாஸ்தா வருத்தத்தோடு படிவத்தின்மேல் சிவப்பு நாடாவைச் சுற்றினார். சிமெண்ட் முதலாளியின் ஆளுக்கும் பாவமாக இருந்தது. எங்களோடு சேர்ந்திருந்தால் காகிதமெல்லாம் சுத்தமாக இருந்திருக்கும், மேலே ஐம்பதும் கிடைத்திருக்கும் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் கள ஆய்வுக்கு இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். கொடுக்கும் தகுதி அந்த வீட்டுக்கு இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி, ஒரு கால் ஆடும் கட்டில் என்று குறித்துக்கொண்டார்கள். பூட்டுக்காரரின் மனைவி துணிக்கடையில் துணி அளந்து வெட்டுகிறவர். அன்றைக்கு விடுமுறை. அவரைத் தனியாக உட்காரவைத்து, உங்கள் வீட்டுக்காரர் இதற்கு முன்னால் யாருக்காவது எதையாவது சும்மா கொடுத்திருக்கிறாரா என்று விசாரித்தார்கள்.

"இருபத்தேழு வருஷமா குடித்தனம் பண்றேன். எனக்கே சும்மா ஒண்ணும் குடுத்ததில்லைங்க" என்றார் அந்த அம்மாள்.

அது வாக்குமூலமாயிற்று. கொடுத்துப் பழக்கமில்லாதவர் திடீரென்று கொடுத்திருக்கிறார் என்று அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டு போனார்கள். வாசலில் அவர்கள் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் உள்ளே விசாரணை ஆரம்பமாயிற்று.

"யாருங்க அந்த நர்ஸு?"

அறுபது வயசுக்காரம்மா என்றார் பூட்டுக்காரர். வயசைக் கேட்கவில்லையே என்றார் மனைவி. அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து இருந்தது.

இதற்கிடையில் நர்ஸம்மாவுக்கும் கடிதம் போயிருந்தது. மற்ற நூற்றுத்தொண்ணூற்றொன்பது பேரும் தேறிவிட்டார்கள். பாதிப் பேர் உறவு, மீதிப் பேர் அவர் கையால் பிழைத்தவர்கள், நன்றி. புது ஆள் சேர்க்கக் கெடு முடிந்திருந்தது; இருநூறாவது ஆள் தேறாவிட்டால் நிதி கிடையாது. நிதி இல்லாவிட்டால் ஒரு சுவரொட்டிகூட அடிக்க முடியாது. நர்ஸம்மா கையில் ஒரு சிறிய பெட்டியோடு கடைக்கு வந்தார்.

"துருப்பிடிச்ச சாவியோட வேலை பார்க்கறீங்க. கையில எத்தனை கீறல் பாருங்க. ஜன்னி வராம இருக்க ஒரு ஊசி போட்டுடறேன். அது நெஜமாவே உங்களுக்கு வேணும். அப்புறமா நன்றின்னு குறி போட்டா பொய்யாகாது இல்லையா?"

பூட்டுக்காரர் யோசித்தார். அதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். நர்ஸம்மா கை பட்டதே தெரியவில்லை. இப்போது நன்றி இருக்கிறதா என்று கேட்டார். வலிதான் இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்றார் பூட்டுக்காரர். மறுநாள் காலை வலி போய், மெய்யாகவே கொஞ்சம் நன்றி வந்திருந்தது. அதைத் தெரிவித்து ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார்.

முழு அமர்வு கூடிற்று. குளிரூட்டிய மண்டபம், உயரமான மேடை, மூன்று உறுப்பினர்கள், நடுவில் தலைவர். பூட்டுக்காரர் தன்னிடமிருந்த ஒரே முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயும் நடுங்கினார். பின்வரிசையில் நர்ஸம்மா ஒரு கோடியிலும், அவரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று வந்த பூட்டுக்காரரின் மனைவி மறு கோடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள், இலவசமாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்று கேள்வி.

தலைவர் எழுந்து தொடக்க உரை ஆற்றினார்.

"நண்பர்களே, முன்பெல்லாம் பணக்காரர் வேட்பாளரின் கையில் நேரடியாகப் பணத்தைக் கொடுத்தார். எவ்வளவு அருவருப்பான காட்சி! அதை நாங்கள் ஒழித்தோம். இன்று பணக்காரர் ஏழைக்குக் கொடுக்கிறார். ஏழை வேட்பாளருக்குக் கொடுக்கிறார். வேட்பாளருக்கு நாங்கள் நூறு மடங்காகக் கொடுக்கிறோம். முன்பு அவர்கள் ஒரு மடங்கு செலவழித்த இடத்தில் இன்று நூறு மடங்கு செலவழிக்கிறார்கள், ஆனால் தூய்மையாக! இந்த ஒன்பது வருடத்தில் காகிதம் சரியாக உள்ள எவரையும் நாங்கள் தடுத்ததில்லை. காகிதம் சரியில்லாத எவரையும் விட்டதுமில்லை."

கைதட்டல் ஓய்ந்ததும், 'சும்மா' என்ற சொல்லை விளக்க ஒரு மொழிப் பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று சன்மானம் பேசியிருந்தார்கள். அவர் பதினொரு பொருள் சொன்னார். வேலையில்லாமல் இருப்பது சும்மா. பேசாமல் இருப்பது சும்மா. விலையில்லாமல் கிடைப்பது சும்மா. ஓயாமல் தொல்லைப்படுத்தினால் சும்மா சும்மா. ஏழாவது பொருளில் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பொய் சொல்லிவிட்டு, சும்மா சொன்னேன் என்கிறோம். ஆகவே சும்மா கொடுத்தேன் என்றால் கொடுக்கவே இல்லை என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது."

ரசீது இருக்கிறதே என்று நர்ஸம்மா பின்வரிசையிலிருந்து சொன்னார். ரசீதையும் சும்மா எழுதியிருக்கலாம் என்றார் பேராசிரியர். அதைப் பன்னிரண்டாவது பொருளாகச் சேர்க்கலாமா என்று உறுப்பினர்கள் தங்களுக்குள் கலந்து பேசிவிட்டு, நிதிச் சிக்கனம் கருதி வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

அடுத்து இடப்பக்க உறுப்பினர் பூட்டுக்காரரின் நன்றிக் கடிதத்தைக் கையில் எடுத்தார். பணம் கொடுத்தது நாலாம் தேதி. ஊசி போட்டது பத்தொன்பதாம் தேதி. பதினைந்து நாள் முன்கூட்டியே வரும் நன்றிக்கு நன்றி என்று பெயரில்லை, அதற்குப் பெயர் முன்பணம் என்றார். முன்பணம் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டால் அது வியாபாரம். வேட்பாளர் வாக்காளரிடம் மருத்துவ வியாபாரம் செய்யலாமா என்று வேறு ஒரு கேள்வி அதிலிருந்து கிளம்பி, அதற்கு ஒரு துணைக்குழு போடப்பட்டது.

கடைசியில் தலைவர் பூட்டுக்காரரைப் பார்த்தார். நீங்கள் ஒளிக்காமல் காரணத்தைச் சொன்னால் ஆணையம் பரிவோடு பரிசீலிக்கும் என்றார். பூட்டுக்காரர் எழுந்து நின்று, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அவங்க கேட்டாங்க. என்கிட்ட இருந்துச்சு. குடுத்தேன். இதுக்கு மேல காரணம் வேணும்னா நான் உக்காந்து உண்டாக்கணும். உண்டாக்கினா அது பொய். எனக்கு உண்டாக்கத் தெரிஞ்சது சாவி மட்டும்தாங்க."

பின்வரிசையில் அவர் மனைவி இத்தனை நாளில் முதல் தடவையாக நர்ஸம்மாவை நேராகப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தலைவரும் உண்மையில் இளகித்தான் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தனிப்பட்ட முறையில் உங்களை நான் நம்புகிறேன்" என்றார். "ஆனால் உங்களை நம்பிவிட்டால் மற்றவர்களை எதை வைத்து நம்புவது? காரணமே இல்லாமல் கொடுக்கும் ஒருவரை ஒப்புக்கொண்டால், காரணத்தோடு கொடுத்த ஆயிரம் பேரின் நிலை என்ன ஆகும்? இந்த ஆணையம்தான் என்ன ஆகும்?"

நோக்கம் நிரூபிக்கப்படாத நன்கொடை என்று தீர்ப்பாயிற்று. ஐம்பது நோட்டு, பதிவுத் தபாலில், அதைவிட அதிக விலையுள்ள தபால்தலை ஒட்டித் திரும்பி வந்தது. நூற்றுத்தொண்ணூற்றொன்பது பேரோடு நின்றுபோன நர்ஸம்மாவுக்கு நிதி மறுக்கப்பட்டது. பூட்டுக்காரர் அவர் வீட்டுக்குப் போய், என்னால் இப்படி ஆகிவிட்டதே, ஒரு குறி போட்டிருந்தால் முடிந்திருக்குமே என்று தலை குனிந்து நின்றார். நர்ஸம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் போட்டிருந்தால் எனக்குத்தான் நிம்மதி, ஆனால் போட்டிருக்கக்கூடாது என்றார். அவர் குரலில் கோபமும் இருந்தது.

தேர்தலுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. நிதி வாங்கிய இரண்டு முதலாளிகளுக்கும் இப்போது ஒரு புதுச் சங்கடம். சட்டப்படி அந்தப் பணம் முழுவதையும் பிரசாரத்திலேயே செலவழித்தாக வேண்டும். மிச்சம் வைத்தால் அபராதம்; கூடவே விளக்கமும் எழுத வேண்டும். ஐந்தே நாளில் வார்டின் சுவர்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. சுவரொட்டியின் மேல் சுவரொட்டி ஒட்டி, சில வீடுகளில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. தெருவுக்கு நாலு ஒலிபெருக்கி, பிறகு எட்டு. கடைசி வாரம் சிமெண்ட் முதலாளியின் குரலும் பஸ் முதலாளியின் குரலும் ஒரே நேரத்தில் ஒலித்து, யார் என்ன தருவதாகச் சொல்கிறார் என்பதே விளங்காமல் போயிற்று. குழந்தைகள் வீறிட்டன. பட்டறையில் இராப்பணி முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லித் திட்டினார்கள்.

நர்ஸம்மாவிடம் செலவழிக்க ஒன்றும் இல்லை. நடந்தார். பூட்டுக்காரரின் மனைவி கடை விட்டதும் அவரோடு சேர்ந்துகொள்வார். வெளியே பேசினால் காதில் விழாததால், வீட்டுக்காரர்கள் அவர்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசவேண்டியிருந்தது. உள்ளே கூப்பிட்ட பிறகு உட்காரச் சொல்லாமல் இருக்க முடியுமா? உட்கார்ந்தவர் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், பெரியவரின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பார், சாயங்காலம் நிலையம் திறந்திருக்க வேண்டும் என்பார், எழுந்துவிடுவார். ஐம்பது கொடுத்து மாட்டிக்கொண்டவரின் வீட்டம்மா நான்தான் என்று பூட்டுக்காரரின் மனைவி தன்னை அறிமுகம் செய்துகொள்வார். பத்திரிகையில் படித்தவர்கள் சிரிப்பார்கள்.

அறுபத்தொரு ஓட்டில் நர்ஸம்மா ஜெயித்தார்.

அன்றே ஆணையத் தலைவர் அறிக்கை விட்டார். பொதுப் பணத்தில் ஒரு காசுகூடச் செலவில்லாமல் ஒரு சாதாரணக் குடிமகள் வென்றிருப்பது இந்தச் சட்டத்தின் மாபெரும் வெற்றி, அதற்கு ஆணையம் காட்டிய கண்டிப்பே காரணம் என்று அதில் இருந்தது. இந்தச் சாதனையை ஆராய்ந்து நூலாக வெளியிட ஒரு தனிப் பிரிவும் தொடங்கினார்.

பதவியேற்ற மூன்றாம் நாள் நர்ஸம்மா சுகாதாரத் துறைக்குப் போனார். மாலை நேரச் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கச் சொன்னார். அங்கே இருந்த அதிகாரி சங்கடமாகச் சிரித்தார்.

"அது ரெண்டு வருஷம் முன்னாலேயே ஒதுக்கியாச்சே, மேடம். உங்க மனு எல்லாம் பார்த்துட்டுத்தான் ஒதுக்கினோம்."

"அப்ப அந்தப் பணம் எங்கே?"

"நிதி ஆணையத்துக்கு மாத்திட்டாங்க. தேர்தல் தூய்மையும் சுகாதாரத்துல சேர்த்திதான்னு மேலேர்ந்து உத்தரவு."

கணக்கைப் பார்க்கக் கொடுத்தார்கள். சுத்தமான கணக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை. பூட்டுக்காரர் விசாரணைக்கு மண்டப வாடகை, சாப்பாடு, குளிரூட்டல். பேராசிரியரின் பதினொரு பொருளுக்குக் கொடுத்த சன்மானம், நிலையத்தின் ஒரு வருடத்துப் பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் சரியாக இருந்தது. நர்ஸம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கோப்பை மூடி, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். நேராகப் பூட்டுக்காரர் கடைக்குத்தான் போனார்.

நிலையத்தின் சாவி பகல் நேர அதிகாரியிடம் இருந்தது. நாலு மணிக்குப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். வார்டு உறுப்பினர் என்ற முறையில் மாற்றுச் சாவி செய்யச் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார் நர்ஸம்மா. பூட்டுக்காரர் அதை ஒரு எழுத்து விடாமல் படித்துப் பார்த்துவிட்டுக் கருவிப்பையை எடுத்துக்கொண்டார். ஆறரை மணிக்கு நிலையத்தின் கதவு திறந்தது. மருந்து அலமாரியில் பாதி காலி. தையல் போட ஊசியும் நூலும் இருந்தன. கட்டுப்போடத் துணி போதாது என்று பூட்டுக்காரரின் மனைவி, துணிக்கடையில் விற்காத வெள்ளை வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, வெந்நீரில் அலசிக் கொண்டுவந்திருந்தார்.

முதலில் வந்தது ஒரு கொத்தனார். புருவத்துக்கு மேல் கம்பி கிழித்திருந்தது. பூட்டுக்காரர் விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். நாலு தையல். அந்த மனிதர் வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஏழரைக்குள் வாசலில் ஆறு பேர் நின்றார்கள். நாலாம் நாள் இருபது பேர்.

ஐந்தாம் நாள் பஸ் ஏறாமல் சாயங்காலம் வரை காத்திருந்த பகல் நேர அதிகாரி, மின்சார மீட்டரைப் பார்த்துவிட்டு, அனுமதியில்லாமல் மாலையில் விளக்கு எரிந்திருப்பதை மேலிடத்துக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றார். எத்தனை நாளில் வரும் என்று நர்ஸம்மா கேட்டார். மேசைக்கு மேசை நகர்ந்து வர எப்படியும் நாற்பது நாளாகும் என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

"நாப்பது நாள் இருக்கா?" என்றார் நர்ஸம்மா. கையைக் கழுவிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி, அடுத்தவரை உள்ளே வரச் சொன்னார்.